தண்ணீர் திறக்கும் முன்னே...

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)



நம் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசணும். ஒரு வெற்றிக் கதையா இருந்தா நல்லது" என்றார். வெற்றிக் கதை சொல்ல இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்தத் தப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்த ஒரு கருவியைப் பற்றியும் பேசப் போகிறேன். சி மொழியில் எழுதிய புரோகிராமை ஓட்டாமலே படித்துப் பார்த்து, எங்கே தப்பு இருக்கலாம் என்று சொல்லும் கருவி அது. ஆங்கிலத்தில் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் என்பார்கள். கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் பயப்பட வேண்டாம். முதலில் கால்வாயில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

நண்டு வளை

எனக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி பக்கம். எங்கள் வயலுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். ஜூன் மாதம் கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறப்பார்கள். அதற்குப் பத்து நாள் முன்பே என் தாத்தா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலின் கரையில் நடக்க ஆரம்பித்துவிடுவார். லீவு நாளில் நானும் பின்னாலேயே போவேன்.

அவர் தேடியது நண்டு வளை. கரையில் இரண்டு விரல் நுழைகிற அளவு ஓட்டைதான் இருக்கும். வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தண்ணீர் வந்துவிட்டால் அந்த வளை வழியாகத்தான் முதலில் கசியும், பிறகு மண் கரையும், ராத்திரியோடு ராத்திரியாகக் கரை உடைந்து பக்கத்து வயல் நாற்றெல்லாம் போய்விடும். "தண்ணிய விட்டுட்டு எங்க உடையுதுன்னு பாக்கறவன் சம்சாரி இல்லடே" என்பார் தாத்தா.

புரோகிராமைச் சோதிப்பதிலும் இந்த இரண்டு வழிகள் உண்டு. ஓட்டிப் பார்ப்பது ஒரு வழி. அது தண்ணீரை விட்டுப் பார்ப்பது. நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜினைக் கட்டிப்போட்டு எரித்துப் பார்க்கிறார்களே, அந்த மாதிரி. அது அவசியம்தான். ஆனால் தண்ணீர் எந்த மடை வழியாகப் போயிற்றோ அந்த மடையைப் பற்றி மட்டும்தான் நமக்குத் தெரியவரும். ஓட்டாமலே முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை நடந்து பார்ப்பது இரண்டாவது வழி. யாரும் போகாத மூலையில் இருக்கும் வளையும் அதில் கண்ணில் பட வாய்ப்பு உண்டு. இதை அந்த வயதிலேயே தாத்தா எனக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்த உடனே மறந்துவிட்டேன்.

பீடிக் கணக்கு

1990ல் நம் கல்லூரியை விட்டு வெளியே போனேன். வேலை உடனே கிடைக்கவில்லை. டவுனில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, ஒரு பி.சி.யையும் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் வைத்துக்கொண்டு, கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்து வந்தேன். டாஸ் சிஸ்டம், டர்போ சி கம்பைலர், கையில் நாலைந்து பிளாப்பி. அவ்வளவுதான் மூலதனம்.

அப்போது ஒரு பீடிக் கம்பெனி வேலை வந்தது. பெயர் வேண்டாம். பீடி சுற்றுவது நம் பக்கத்தில் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் கடையத்திலும் மத்தியானம் எந்தத் தெருவில் நடந்தாலும் திண்ணையில் மடியில் சுளகு வைத்த பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கூலியை ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாரா வாரம் கிளார்க் கையாலேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார். என்னிடம் கேட்டது மாதக் கூலியைக் கூட்டி வைத்து, வருஷக் கடைசியில் போனஸ் கணக்கிடும் புரோகிராம்.

சில்லறைக் கணக்கில் தசமப் புள்ளி தகராறு வேண்டாம் என்று எல்லாத் தொகையையும் பைசாவாக வைத்துக்கொண்டேன். அது சரியான முடிவுதான். மாதக் கூலியைப் போட்டு வைக்க 'அன்சைன்ட் இன்ட்' என்ற வகைப் பெட்டியை எடுத்தேன். அங்கேதான் நண்டு வளை. அந்தக் காலத்து டர்போ சி-யில் அந்தப் பெட்டி 16 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,535. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் பெட்டி மறுபடி பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கும். பைசாவில் 65,535 என்றால் ரூபாயில் 655.35.

ஒரு பெண் ஒரு மாதத்தில் 640 ரூபாய்க்குச் சுற்றினால் என் புரோகிராம் சரியாக 640 என்று எழுதும். அவளே இன்னும் கொஞ்சம் பாடுபட்டு 672 ரூபாய் 40 பைசாவுக்குச் சுற்றினால், 67,240-ல் 65,536 போக மிச்சம் 1,704. அதாவது 17 ரூபாய் 4 பைசா. ஒரு மாத உழைப்பு 17 ரூபாயாகக் கணக்கில் ஏறும். கம்ப்யூட்டர் நிற்காது, கத்தாது. அடுத்த வரிக்குப் போய்விடும்.

நான் டெஸ்ட் செய்யாமல் கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பத்துப் பேர் கணக்கைக் கையாலும் போட்டு, புரோகிராமிலும் போட்டு ஒத்துப் பார்த்தேன். அந்தப் பத்துப் பேர் கூலியும் 500 ரூபாய்க்குள். எல்லாம் அச்சாக ஒத்துப் போயிற்று.

1992 தீபாவளிக்கு முன்னால் போனஸ் பட்டியல் பிரிண்டரில் கறகற என்று இறங்கியது. மறுநாள் நான் கம்பெனியில் இருந்தபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்து நின்றார். "எய்யா, பக்கத்து வீட்டுக்காரி என்னய விடக் கம்மியாத்தான் சுத்துனா. அவளுக்கு எப்படி எனக்கு மேல வந்துருக்கு?" என்று கேட்டார். கிளார்க் என்னைக் கைகாட்டினார். நான் பட்டியலைக்கூடத் திரும்பப் பார்க்காமல் சொன்னேன்: "ஆச்சி, இது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. மனுஷன்தான் தப்பு பண்ணுவான். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது."

அவர் சண்டை போடவில்லை. "நான் படிக்காதவதான்யா. ஆனா நான் சுத்துன பீடிய எனக்கு எண்ணத் தெரியும்லா" என்று சொல்லிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், எனக்கு ஒரு விஷயம் தெரியும். புரோகிராம் எழுதி முடித்த அன்று, எல்லா எச்சரிக்கைகளையும் காட்டு என்று கம்பைலரில் ஆப்ஷன் வைத்துப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் வார்னிங் வந்தது. முதலாளி பின்னால் நின்றுகொண்டு, "என்ன தம்பி, இத்தனை தப்பா?" என்றார். "இது தப்பு இல்ல சார், சும்மா வார்னிங்தான்" என்று சொல்லி ஆப்ஷனை அணைத்துவிட்டேன். திரை சுத்தமாகிவிட்டது. முதலாளிக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

பிசிறு எடுக்கும் கருவி

மறுநாள் கணக்கை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. தான் எழுதியதில் உள்ள தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பது எழுதுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். நம் கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் சீனியர் ஒருவர் அப்போது மெட்ராஸில் யூனிக்ஸ் மெஷினில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிளாப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருவள்ளுவர் பஸ் ஏறினேன்.

அவர் என் புரோகிராமில் இருந்த டாஸ் சமாச்சாரங்களை எல்லாம் கழற்றிவிட்டு, லிண்ட் என்ற ஒரு கருவியில் கொடுத்தார். நூற்றுக்கு மேல் புகார் வந்தது. "எல்லாத்தையும் படி. ஒண்ணு விடாம படி" என்று சொல்லி பேப்பரில் அடித்துக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மூன்றாவது பக்கத்தில் இருந்தது அந்த வரி: பெரிய 'லாங்' எண்ணைச் சின்னப் பெட்டியில் போடுகிறாய், எண் சிதையலாம். வரி எண்ணும் போட்டிருந்தது. மாதக் கூலியைப் பெட்டியில் போட்ட அதே வரி.

இந்த லிண்ட் எப்படி வந்தது என்று தம்பிகளுக்குச் சொல்ல வேண்டும். சி மொழியை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். அது எழுதுகிறவனை நம்புகிற மொழி. "நீ பெரிய மனுஷன், உனக்குத் தெரியாததா" என்று சொன்னதையெல்லாம் கேட்கும். ஒரு பங்ஷனுக்கு இரண்டு மதிப்பு கொடுக்க வேண்டிய இடத்தில் மூன்று கொடுத்தாலும் அந்தக் காலத்து சி கம்பைலர் வாயைத் திறக்காது. தவிர, கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு பைலைத்தான் பார்க்கும். இரண்டு பைல்களுக்கு நடுவில் உள்ள முரண்பாடு அதற்குத் தெரியாது. அதே பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஸ்டீபன் ஜான்சன் 1978ல் இதற்கென்றே தனியாக ஒரு கருவி எழுதினார். மொழிபெயர்ப்பது கம்பைலரின் வேலை, குறை சொல்வது லிண்ட்டின் வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். 1989ல் சி மொழிக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் வந்த பிறகு, லிண்ட் பார்த்த வேலையில் ஒரு பகுதியைக் கம்பைலர்களே செய்ய ஆரம்பித்தன.

லிண்ட் என்றால் துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுப் பிசிறு. இந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரவருணித் தண்ணீர் விசையை நம்பிப் பாபநாசத்தில் தொடங்கிய மில்லில்தான் என் அப்பா வேலை பார்த்தார். ஷிப்டு முடிந்து வந்தால் தலைமுடி, புருவம், சட்டை எல்லாம் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிட்ட பிறகுதான் உள்ளே விடுவார். அப்பாவுக்கு அது தெரியாது. தினமும் பார்த்துப் பழகியவருக்குத் தன் மேல் பிசிறு இருப்பதே தெரியாது. வேறொருவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதே 16 பிட்

ஊர் திரும்பி ஒரே ஒரு வார்த்தையை மாற்றினேன். 'அன்சைன்ட் இன்ட்' இருந்த இடத்தில் 'லாங்'. பட்டியலை மறுபடி ஓட்டினோம். பதினேழு பேருக்குப் போனஸ் குறைந்திருந்தது. பதினேழு பேரும் எப்படிப்பட்டவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனியிலேயே அதிகமாகச் சுற்றியவர்கள். சோம்பேறிக்கு என் புரோகிராம் ஒரு பைசா குறைக்கவில்லை. எல்லையைத் தாண்டி உழைத்தவளைத்தான் தண்டித்திருந்தது. முதலாளி நல்ல மனுஷர், மிச்சத் தொகையை அந்த வாரமே கொடுத்தார். என் கூலியை நான் வாங்கவில்லை.

இது சின்ன ஊர்ச் சின்னப் பையன் செய்த தப்பு என்று பல வருஷம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். 1996 ஜூன் 4ம் தேதி ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் சுமார் 40 விநாடியில் வெடித்துச் சிதறியது. நான்கு விஞ்ஞானச் செயற்கைக்கோள்கள் போயின. விசாரணைக் குழு சொன்ன காரணத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 64 பிட் பெட்டியில் இருந்த ஒரு எண்ணை 16 பிட் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். எண் அடங்கவில்லை. பழைய ஏரியன் 4 ராக்கெட்டுக்கு எழுதிய புரோகிராமை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். பழைய ராக்கெட்டின் வேகத்தில் அந்த எண் எல்லையைத் தாண்டியதே இல்லை. என்னுடைய பத்துப் பேர் டெஸ்டும் அதே கதைதானே! அந்த இடத்தில் இந்த மாதிரி ஏழு எண்கள் இருந்தன. நான்குக்குக் காவல் போட்டு, மூன்றை விட்டுவிட்டார்கள். மாற்று ஏற்பாடாக இருந்த இன்னொரு கம்ப்யூட்டரிலும் அதே புரோகிராம். அதுவும் அதே இடத்தில் விழுந்தது. அந்தப் புரோகிராம் சி மொழி அல்ல, ஏடா என்ற வேறு மொழி. மொழி மாறினாலும் பெட்டி ஒன்றுதான்.

அந்த விபத்துக்குப் பிறகு பிரான்சில் அலேன் டாய்ச் என்பவர் உருவாக்கிய ஆய்வுக் கருவியை ஏரியன் புரோகிராமின் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து 1999ல் பாலிஸ்பேஸ் என்ற கம்பெனியே பிறந்தது. 2003ல் அஸ்ட்ரே என்ற இன்னொரு பிரெஞ்சுக் கருவி, ஏர்பஸ் ஏ340 விமானத்தை ஓட்டும் 1,32,000 வரி சி புரோகிராமை ஏறத்தாழ 80 நிமிடத்தில் முழுக்கப் பார்த்து, ஓடும்போது எண் பெட்டியை மீறுவது போன்ற பிழைகள் அதில் இல்லவே இல்லை என்று நிரூபித்துக் காட்டியது.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. புனேயில் 1981ல் தொடங்கிய டாடா ஆராய்ச்சி மையத்தில் சி புரோகிராம்களை ஆராயும் கருவி உருவாக்கினார்கள். 2002 வாக்கில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தாரும் மும்பை ஐ.ஐ.டி.யினரும் சேர்ந்து, பாதுகாப்பு முக்கியமான சி புரோகிராம்களைச் சரிபார்க்க ஒரு கருவி செய்தார்கள். விமானம், அணு உலை என்றால் எங்கோ தூரத்துச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். கூடங்குளம் நம் மாவட்டம்தான்.

ஓட்டாமல் எப்படித் தெரியும்?

தங்கைகளில் யாராவது கேட்கலாம்: "சார், கூலி எவ்வளவுன்னு தெரியாம, பெட்டி நிரம்பும்னு அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்?"

லிண்ட் போன்ற பழைய கருவி வகையை மட்டும் பார்க்கும். பெரிய வகைப் பொருளைச் சின்ன வகைப் பாத்திரத்தில் ஊற்றுகிறாய் என்று சொல்லும், அவ்வளவுதான். இன்றைய கருவிகள் இன்னும் ஒரு படி போகும். எண் எதுவென்று அதற்குத் தெரிய வேண்டாம், எண் எந்த எல்லைக்குள் இருக்கும் என்று தெரிந்தால் போதும். பீடி எண்ணிக்கை பூஜ்யத்தில் இருந்து நாற்பதாயிரம் வரை வரலாம், ஆயிரத்துக்குக் கூலி இவ்வளவில் இருந்து இவ்வளவு வரை வரலாம் என்று வைத்துக்கொண்டால், பெருக்கி வரும் தொகையின் எல்லையும் கிடைத்துவிடும். அந்த எல்லை 65,535-ஐத் தாண்டினால் கை தூக்கிவிடும். மாட்டு வண்டி போகுமா என்று பார்க்க ஒவ்வொரு வண்டியாக ஓட்டிப் பார்க்க வேண்டுமா? சந்தின் அகலத்தையும் வண்டியின் அகலத்தையும் அளந்தால் போதுமே. இந்த யோசனைக்குக் கணித அடிப்படை போட்டவர்கள் பாட்ரிக் கூஸோ, ராதியா கூஸோ என்ற தம்பதியர், 1977ல்.

அதே போல, மதிப்பே போடாத வேரியபிளை எடுத்துப் பயன்படுத்துவது, பத்து இடம் உள்ள வரிசையில் பதினோராவது இடத்தில் எழுதுவது, வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் இருப்பது, தந்த பிறகும் தொட்டுக்கொண்டிருப்பது, 'இஃப்' கேள்வியில் இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒன்று போடுவது இவையெல்லாம் இந்தக் கருவிகள் நன்றாகக் கண்டுபிடிப்பவை. லேப் பரீட்சையில் நாம் எல்லோரும் விழுந்த குழிகள்தான்.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் தப்பு உண்டா இல்லையா என்று ஒருபோதும் தவறாமல் சொல்லும் கருவியை யாராலும் செய்ய முடியாது. பணம் போதாததாலோ மூளை போதாததாலோ அல்ல. 1936ல் ஆலன் டூரிங்கும் 1953ல் ஹென்றி ரைஸும் நிரூபித்த கணித உண்மைகளின் விளைவு அது. ஆகவே ஒவ்வொரு கருவியும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது என்றால், தப்பில்லாத இடத்திலும் குரைக்கும். சும்மா குரைக்கக் கூடாது என்றால், சில திருடர்களை விட்டுவிடும். 2014ல் வெளியான ஹார்ட்பிளீட் என்ற கோளாறு உலகமெங்கும் வங்கி, மெயில் என்று இன்டர்நெட்டில் ரகசியம் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற சி புரோகிராமில் இருந்தது. எதிரி சொன்ன நீளத்தை நம்பி, அந்த அளவு மெமரியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது வெளிவரும் வரை அன்றைய ஆய்வுக் கருவிகள் அதைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அணைத்தவனும் அப்படியே கேட்டவனும்

வார்னிங்கை அணைத்தது என் தப்பு. இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. 2006ல் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பைப் பராமரிப்பவர்கள், வால்கிரைண்ட் என்ற கருவி ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லில் ஒரு இடத்தைப் பற்றிப் புகார் சொல்கிறதே என்று அந்த வரிகளை எடுத்துவிட்டார்கள். வால்கிரைண்ட் ஓடும்போது பார்க்கும் கருவி. ஆனாலும் பாடம் ஒன்றுதான். புகார் நின்றுவிட்டது. ஆனால் ரகசியச் சாவி செய்யும்போது கலக்க வேண்டிய தாறுமாறான எண்களைக் கலக்கியதும் அந்த வரிகள்தான். அவை போனபின் ஒவ்வொரு வகைச் சாவியிலும் உண்டாகக்கூடியவை சுமார் 32,000 மட்டும். ஒரு கம்ப்யூட்டர் அத்தனையையும் வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடலாம். 2008 மே மாதம்தான் இது வெளியே தெரிந்தது. அதுவரை அந்தத் தொகுப்பில் செய்த சாவிகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

நான் கருவியின் வாயைக் கட்டினேன். அவர்கள் அது சொன்னதை அப்படியே கேட்டார்கள். இரண்டு இடத்திலும் விட்டுப்போனது ஒன்றே. கருவி சொன்னது உண்மையா, ஏன் சொன்னது என்று ஒரு மனிதன் உட்கார்ந்து முழுசாகப் படிக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

தம்பி தங்கைகளுக்கு

நான் மெட்ராஸுக்கு பிளாப்பி தூக்கிக்கொண்டு போன மாதிரி நீங்கள் போக வேண்டியதில்லை. 2011 முதல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலேயே ஜோஹோ கம்பெனி உட்கார்ந்து உலகத்துக்கு சாப்ட்வேர் எழுதுகிறது. கருவிகளும் காசில்லாமல் கிடைக்கின்றன. சிபிபிசெக் என்று ஒன்று 2007 முதல் இருக்கிறது. கிளாங் கம்பைலரோடு ஒரு ஆய்வுக் கருவி சேர்ந்தே வருகிறது. ஜி.சி.சி. கம்பைலரிலும் 2020ல் வந்த பத்தாவது பதிப்பு முதல் ஒன்று உள்ளேயே இருக்கிறது. அனுபவத்தில் கண்ட நாலு விஷயங்களை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, முதல் வரி எழுதும் அன்றே எல்லா எச்சரிக்கையையும் திறந்து வையுங்கள். பத்து வரியில் ஒரு வார்னிங் வந்தால் படிப்பீர்கள். பத்தாயிரம் வரி எழுதிய பிறகு திறந்தால் ஆயிரம் வரும், என்னைப் போல அணைத்துவிடுவீர்கள்.

இரண்டு, ஒவ்வொரு புகாருக்கும் பதில் இருக்க வேண்டும். தப்பு என்றால் திருத்துங்கள். தப்பில்லை என்றால் ஏன் இல்லை என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். எழுத முடியவில்லை என்றால் உங்களுக்கே புரியவில்லை என்று அர்த்தம். வாயை அடைக்க மட்டும் வகையை மாற்றிப் போடாதீர்கள்.

மூன்று, கருவி ஒன்றும் சொல்லவில்லை என்பது நற்சான்றிதழ் அல்ல. கணக்கே தப்பான சூத்திரத்தில் போட்டிருந்தால் எந்தக் கருவிக்கும் தெரியாது. ஓட்டியும் பாருங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், சரியாக எல்லையில், எல்லைக்கு அந்தப் பக்கம் மூன்றிலும் ஓட்டுங்கள். நான் 655 ரூபாய் 36 பைசாவுக்கு ஒரே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான்கு, இப்போது புரோகிராமைக் கம்ப்யூட்டரே எழுதித் தருகிறது. நல்லதுதான், நானும் உபயோகிக்கிறேன். ஆனால் யார் எழுதினால் என்ன, கரையில் வளை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை போய்விடவில்லை. எழுதுவது சுலபமாக ஆக ஆக அந்த வேலை கூடித்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மிச்சத் தொகை கொடுத்த அன்று நானும் கிளார்க்கோடு அந்தத் தெருவுக்குப் போனேன். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார். "ஆச்சி, கம்ப்யூட்டர் மேல தப்பில்ல. தப்பு நான் பண்ணுனது" என்றேன். அவர் வீட்டுக்குள் கூட்டிப் போய்ச் சுவரைக் காட்டினார். ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஒரு கரிக்கோடு, மாதா மாதம் தனித்தனியாக, வருஷம் முழுக்க. நான் எண்ணிப் பார்த்தேன். கோடுகளுக்கும் திருத்திய பட்டியலுக்கும் ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. "சொன்னேம்லா" என்று சொல்லிவிட்டு, குடிக்கக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

என் புரோகிராமைப் பற்றி வந்த முதல் சரியான எச்சரிக்கை கம்பைலருடையது. அதை அணைத்தேன். இரண்டாவது அந்த அம்மாவுடையது. அதையும் கேட்கவில்லை. மூன்றாவதாக லிண்ட் சொன்னபோதுதான் எனக்குக் காது கேட்டது. உங்களுக்காவது முதல் தடவையே கேட்கட்டும்.